உறை போடாத கவிதை

(அஞ்சலட்டை)

04 ஓகஸ்ட் 2025

அருந்ததி!
நீ நடந்து போகும் பாதையிலே
என் இதயம் ஒரு வாழைப்பழத் தோல்.
பார்த்து நட என்று சொல்ல மாட்டேன்.
பாராமல் நட. வழுக்கி விழு.
விழுந்த இடத்தில் நான் இருப்பேன்.

உனக்கே உரியவன்

அனுப்புநர்: பட்டியலில் பார்க்கவும், கொட்டாஞ்சேனை.

*

வெள்ளவத்தை
09 ஓகஸ்ட் 2025

ஷெல்டன் அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்குவார்கள். நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் கொட்டாஞ்சேனை என்று இருப்பது உங்கள் பெயர் ஒன்றுதான். உங்களை யார் எழுதச் சொன்னது?

ஓகஸ்ட் கவிதை அட்டைப் பரிமாற்றத்தின் விதிகள் என்னிடமும் இருக்கின்றன. வருடத்தில் ஒரு மாதம், பட்டியலில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை. சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். திருத்தாமல் நேரே அட்டையில் எழுத வேண்டும். பதில் எதிர்பார்க்கக் கூடாது. முன்பின் தெரியாத பெண்ணை வழுக்கி விழச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

உங்கள் அட்டையை என்னிலும் பார்க்க முதலில் வாசித்தவர் கீழே நிற்கும் செக்கியூரிட்டி. பிறகு லிப்டில் கூட வந்த மூன்றாம் மாடிக்காரர். பிறகு மாமி. மாமி என்றால் பாலேஸ்வரி, என் கணவரின் சின்னம்மா. நான் அவவின் வீட்டில்தான் இருக்கிறேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒருதரம் வாசித்தா, கழற்றிவிட்டு ஒருதரம் வாசித்தா.

"ஆர் பிள்ளை இது, உனக்கே உரியவன்?"

"ஏதோ கவிதைப் போட்டி, மாமி."

"போட்டியில வாழைப்பழத் தோல் என்னத்துக்கு?"

அதை உங்களிடமே கேட்கிறேன். கனடாவில் இருந்து யாராவது உங்களோடு கதைத்தார்களா? சுகிர்தன் என்று யாரையும் தெரியுமா? நான் என்ன பதில் எழுதுகிறேன் என்று பார்ப்பதற்காக எழுதினீர்களா? ஓம் என்றால் ஓம் என்று எழுதுங்கள். கோபிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
திருமதி அருந்ததி சுகிர்தன்

*

கொட்டாஞ்சேனை
13 ஓகஸ்ட் 2025

மாண்புமிகு திருமதி அருந்ததி சுகிர்தன் அம்மையார் சமூகத்துக்கு,

இல்லை. இல்லை. இல்லை. மூன்று கேள்விக்கும் மூன்று பதில். வரிசையைக் குழப்பி வாசித்தாலும் பிழை வராது.

உண்மையைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் பாடு. அந்தக் கவிதையைப் பெயரை மட்டும் மாற்றிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் அனுப்பினேன். தெஹிவளையில் திரு. நமசிவாயம் என்று ஓய்வுபெற்ற கணக்காய்வாளர் ஒருவர் இருக்கிறார். "நமசிவாயம்! நீ நடந்து போகும் பாதையிலே" என்று ஒருதரம் சத்தமாக வாசித்துப் பாருங்கள். அவர் அட்டையைச் சிவப்புப் பேனையால் திருத்தி, "உவமை புதிது, ஒழுக்கம் குறைவு" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஹெந்தளையில் ஒரு மாதாகோயில் சுவாமியார் "மகனே, பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போது வருகிறாய்?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார். உங்களைப் போல் விசாரணை வைத்தவர் எவரும் இல்லை.

எனக்குப் பதினெட்டு வயது. ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறேன், அதாவது படிப்பதாக வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. இந்தப் பரிமாற்றத்தில் என் பெயரைக் கொடுத்தது அம்மா கொன்ஸ்ரன்ஸ். "வாயால செய்யிற சேட்டையைக் கையால செய், வீடாவது அமைதியாக் கிடக்கும்" என்றா. வீடு அமைதியாகத்தான் கிடக்கிறது.

இப்போது என்னுடைய முறை. அருந்ததி என்ற பெயரைப் பார்த்ததும் ரீச்சர், பென்ஷன், முழங்கால் வலி என்று மனதில் ஓர் ஆளைக் கட்டி வைத்திருந்தேன். நீங்களோ கனடாவில் ஒரு கணவர், வீட்டில் ஒரு மாமி, அந்த மாமிக்குப் போட்டும் கழற்றியும் வாசிக்க ஒரு கண்ணாடி என்று எழுதுகிறீர்கள். கேட்டால் ரேடியோ நாடகம் மாதிரி இருக்கிறது. நீங்கள் நமசிவாயம் ஐயாவின் பேத்தி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைப் பிடிக்க அவர் விரித்த வலையாகவும் இருக்கலாம்.

நீங்கள் உண்மையான ஆள் என்றால், மன்னிக்கவும். வலை என்றால், ஐயாவுக்கு என் அன்பு.

பணிவின்மையுடன்,
ஷெல்டன்

*

வெள்ளவத்தை
19 ஓகஸ்ட் 2025

தம்பி ஷெல்டன்,

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உம்முடைய கடிதத்தை வாசித்தேன். சிரிப்புக் கேட்டுவிடும் என்றுதான். "நமசிவாயம்! நீ நடந்து போகும் பாதையிலே." எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்திருக்கிறேன்.

எனக்கு இருபத்து நான்கு வயது. முழங்கால் இன்னும் சுகமாக இருக்கிறது. பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் பதிவெழுத்தும் தாலியும் ஒரே கிழமைக்குள் நடந்தன. அவர் லீவு முடிந்து ரொறன்ரோ போய்விட்டார். நான் விசாவுக்காக வெள்ளவத்தையில் இருக்கிறேன். இங்கே எங்கள் மாடியில் மட்டும் என்னைப் போல் காத்திருக்கிறவர்கள் இன்னும் இரண்டு பேர். லிப்டில் ஒருவரை ஒருவர் கண்டால், "வந்திட்டுதோ?" என்று கேட்போம். வேறு கதை இல்லை.

கல்யாணம் உண்மை என்று விசா அலுவலகத்துக்கு நிரூபிக்க வேண்டுமாம். மாமி ஒரு ஃபைல் வைத்திருக்கிறா. போட்டோ, போன் எடுத்த விபரம், கேக் வெட்டின கடை பில், எல்லாம் அதற்குள் போகும். பின்னேரம் அவர் வீடியோவில் வந்தால், நாங்கள் கதைப்பதை மாமி தன் போனில் படம் எடுப்பா. "சிரி பிள்ளை" என்பா. சிரிப்பேன்.

உமக்கு நான் அனுப்ப வேண்டிய கவிதை இது. முறைப்படி அட்டையில் எழுதவில்லை, குறை நினையாதேயும்.

கடற்கரை ரயில் போகிறது.
யன்னலில் நின்று பார்க்கிறேன்.
பெட்டிகளை எண்ணுவதில்லை.
எண்ணினால் ஒன்றில் ஏறச் சொல்லும்.

இரண்டு உதவி வேண்டும். ஒன்று, கடிதம் எழுதினால் உறையின் பின்பக்கம் டில்ஷானி என்று ஒரு பெண் பெயர் போடும். ஒட்டின உறையை மாமி ஒருநாளும் உடைக்க மாட்டா. மற்றவர்களின் கடிதத்தை உடைப்பது அவவுக்கு மானக்கேடு. ஆனால் உறையில்லாத அட்டை ஊருக்கே பொது என்பது அவவின் நியாயம். இரண்டாவது, இன்னொரு அட்டை அனுப்பும். முதலாவது மாதிரியே. கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
அருந்ததி அக்கா

*

(அஞ்சலட்டை)

23 ஓகஸ்ட் 2025

அருந்ததி!
உன் மாடிக்கு லிப்ட் இருக்கிறதாம்.
நான் படியால்தான் வருவேன்.
படிக்கொருதரம் உன் பெயரைச் சொன்னால்
மேலே வரும்போது மூச்சு இராது.
இராவிட்டால் என்ன? நீ இருக்கிறாய்.

(இன்னமும்) உனக்கே உரியவன்

*

கொட்டாஞ்சேனை
02 செப்டெம்பர் 2025

அருந்ததி அக்கா,

உறையின் பின்பக்கம் டில்ஷானி, உள்ளே கோபமான ஷெல்டன். கவனமாகத் திறக்கவும்.

அட்டையைத் தபாலில் போட்ட பிறகுதான் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான், கரண்ட் போய்விட்டு வரும். யோசித்தேன். கடிதத்துக்குப் பெண் பெயர் போடச் சொல்கிறவர், மாமிக்குப் பயப்படுகிறவராக இருக்க வேண்டும். அதே ஆள் ஊருக்கே பொதுவான அட்டையில் காதல் கவிதை கேட்கிறார், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்கிறார். கதவைப் பூட்டிவிட்டு யன்னலைத் திறந்துவைத்துக் கள்ளனைக் கூப்பிடுகிற வேலை இது. கள்ளன் நான்.

சனிக்கிழமை அம்மா வெள்ளவத்தைக்குத் திரைச்சீலை வாங்கப் போனா. நானும் ஒட்டிக்கொண்டேன். அவ கடையில் விலை பேசுகிற நேரம் உங்கள் மாடிக்கட்டடத்துக்கு நடந்தேன். டில்ஷானியின் அண்ணா என்று செக்கியூரிட்டியிடம் சொன்னேன், ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் நல்ல மனுஷன். என்னை மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட்டு, சிங்களமும் தமிழுமாகக் கதைத்தார்.

"கவரா, போஸ்ட்காட்டா மல்லி?"

"ஏன் அய்யே, வித்தியாசம் இருக்கா?"

"இருக்குத்தானே. கவர் வந்தா மிஸ்ட கையில. காட் வந்தா மேல அன்ரிட்ட. மிஸ்தான் அப்பிடிச் சொல்லிவச்சது."

மிஸ்தான், அதாவது நீங்கள்தான், சொல்லிவைத்ததாம்! கடிதத்தைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். அம்மா வாங்கின திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கதைக்கவில்லை. "காய்ச்சலோ?" என்று அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தா.

அக்கா, நான் பள்ளிக்கூடத்தில் பிரின்சிப்பல் இருக்கிற கதிரையையே ஏலத்தில் விட்டவன். ஆட்களை ஏமாற்றுவது என் தொழில். என்னை வைத்து இன்னோர் ஆள் தொழில் செய்வார் என்று நினைக்கவில்லை. அட்டை மாமியின் கையில் கிடைக்க வேண்டும், மாமி சந்தேகப்பட வேண்டும், விசா அலுவல் நிற்க வேண்டும். அதுதானே கணக்கு? உங்கள் கணவரின் ஆட்கள் வந்து எங்கள் கதவைத் தட்டினால், அம்மா என்ன சொல்லுவா என்று யோசித்தீர்களா? ரீ குடிக்கச் சொல்லுவா. பிறகு என்னைக் கொல்லுவா.

உங்களுக்குப் போக விருப்பம் இல்லையா? ஓம் என்றால் ஓம் என்று எழுதுங்கள். கோபிப்பேன். ஆனாலும் எழுதுங்கள்.

ஷெல்டன்

*

வெள்ளவத்தை
06 செப்டெம்பர் 2025

தம்பி ஷெல்டன்,

ஓம்.

கோபியும். உமக்கு அந்த உரிமை இருக்கிறது. நான் முகம் தெரியாத பிள்ளையைப் பிடித்து முன்னுக்குத் தள்ளிவிட்டேன். உம்முடைய அம்மாவை நான் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. கெட்டவர் என்றால் சொல்வது சுகமாக இருந்திருக்கும். பின்னேரம் போன் எடுப்பார். "சாப்பிட்டீரோ?" என்பார். "ஓம்" என்பேன். "சின்னம்மாட்டப் போனைக் குடும்" என்பார். இவ்வளவுதான் எங்கள் கல்யாணம். நான் யாழ்ப்பாணத்தில் பல் கட்டுகிற ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். மெழுகில் பல் வடிப்பேன். ஆளின் வாயைக் காணாமல், அச்சை மட்டும் பார்த்து, அந்த வாய்க்குப் பொருந்துகிற பல்லைச் செய்ய வேண்டும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கல்யாணம் பேசும்போதே "வேண்டாம் அப்பா" என்றேன். அப்பா சிரித்தார். "எல்லாப் பிள்ளையளும் முதலில இப்பிடித்தான் சொல்லுங்கள்" என்றார். அம்மா சாதகத்தை எடுக்கப் போய்விட்டா. பிறகும் சொன்னேன். மூன்றாம்தரம் சொல்ல வெட்கமாக இருந்தது. என்னுடைய வேண்டாம் யாருக்கும் கேட்காது, ஆனால் ஒரு சந்தேகம் என்றால் எல்லாருக்கும் காது திறக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் உம்முடைய வாழைப்பழத் தோல் வந்தது.

நடந்ததைக் கேளும். இரண்டாவது அட்டையை வாசித்துவிட்டு மாமி சண்டை பிடிப்பா, அப்பாவுக்குப் போன் எடுப்பா என்று அறைக்குள் காத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தால் மாமி சிரித்துக்கொண்டு இருக்கிறா.

"பார் பிள்ளை, எங்கட சுகிர்தனுக்கு வாய் திறந்து கதைக்க வெக்கம். ஆரோ கூட்டாளியைப் பிடிச்சு இஞ்சையிருந்து போடுவிக்கிறான். நல்ல காலம்! ஃபைலில ஒரு காதல் கடிதமும் இல்லை எண்டு ஏஜென்ற் பேசினவன்."

இரண்டு அட்டையையும் போட்டோக்கொப்பி எடுத்து, முத்திரையும் விலாசமும் தெரியாமல் கவிதையை மட்டும் வெட்டி, காலி வீதியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிவிட்டா. உம்முடைய வாழைப்பழத் தோலுக்குக் கீழே இப்போது அவருடைய கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருக்கின்றன. ஃபைலும் போய்விட்டது.

மாமி உண்மையாகவே நம்பினாவா, நம்பினது போல் காட்டினாவா? எனக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரம் போனில், "கவிதை நல்லம், தம்பி" என்றா. எந்தக் கவிதை என்று அவர் கேட்கவில்லை. "ஓம், சின்னம்மா" என்றார். ஏன் ஓம் என்றார்? நானும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம், போன் கண்ணாடிக்குள். மாமி படம் எடுக்கிறா.

ஒக்டோபரில் நேர்முகம். உம்முடைய கவிதைதான் என்னை அனுப்பப் போகிறது.

அருந்ததி

*

கொட்டாஞ்சேனை
10 செப்டெம்பர் 2025

அருந்ததி அக்கா,

கோபம் போய்விட்டது. இப்போது பயமாக இருக்கிறது. பயத்தில் எனக்குப் பகிடி கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பரம்பரையில் முதன்முதலாகக் கனடாவுக்குப் போனது என் வாழைப்பழத் தோல்தான். நான் இன்னும் நீர்கொழும்பு தாண்டவில்லை.

எனக்கு ஒரு வழி தெரிகிறது. விசா அலுவலகத்துக்கு நான் எழுதுகிறேன். "ஐயா அம்மா, அந்தக் கவிதைகளின் சொந்தக்காரன் அடியேன். சாட்சிக்குத் தெஹிவளை நமசிவாயம் ஐயா சிவப்பு மையில் திருத்தி அனுப்பிய அதே கவிதை என்னிடம் இருக்கிறது." முடிந்தது அலுவல். கடிதத்தை எழுதியும்விட்டேன். முதல்தரமாக எழுத்துப்பிழை பார்த்தேன்.

ஆனால் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் பிழை. அம்மா ஒட்டாத உறையை அட்டைக் கணக்கில் சேர்க்கிறவ. வாசித்துவிட்டா. பிறகு உங்கள் கதை முழுவதும் சொல்ல வேண்டி வந்தது. கொல்லவில்லை. கட்டிலில் இருந்து யோசித்தா.

"பொய்க் கல்யாணம் எண்டு ஒருக்கா எழுதிட்டா, அந்தப் பிள்ளையையும் அந்த மனுசனையும் எந்த நாடும் பிறகு நம்பாது. எழுதிக் கெடுத்ததை எழுதித் திருத்தப் போகாத."

"அப்ப என்ன செய்யிற, மம்மி?"

"அந்தப் பிள்ளைக்கு வாய் இருக்குத்தானே?"

கடிதம் இப்போது அம்மாவின் வேதாகமத்துக்குள் இருக்கிறது. எந்த அதிகாரத்துக்குள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு சொல் எழுதுங்கள், எடுத்து அனுப்பிவிடுவேன். வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள், எனக்கு நித்திரை வருகுதில்லை.

உங்கள் தம்பி,
ஷெல்டன்

*

வெள்ளவத்தை
21 ஒக்டோபர் 2025

அன்புள்ள தம்பி ஷெல்டன்,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு என்னை ஏசியிருப்பீர். எழுதியிருந்தால் அனுப்பச் சொல்லித்தான் எழுதியிருப்பேன். அதனால் பேனையைத் தொடவில்லை.

நேர்முகம் முடிந்தது. கேள்வி கேட்டது ஒரு பெண். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு ஐயா. எங்கே சந்தித்தீர்கள், தாலி கட்டின அன்று என்ன சாப்பாடு, அவருக்கு எத்தனை சகோதரம் என்று கேட்டா. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். பிறகு உம்முடைய கவிதையின் பிரதியைத் தூக்கிக் காட்டினா. முகத்தில் சிரிப்பு.

"இது உங்கள் கணவர் எழுதியதா?"

ஓம் என்றிருந்தால் அந்தச் சிரிப்போடேயே முடிந்திருக்கும். எல்லாரும் எனக்காகச் சொல்லிவைத்த ஓம்தான் அது. இல்லை என்றேன். கவிதை அட்டைப் பரிமாற்றத்தில், பட்டியலில் இருந்த எல்லாருக்கும் ஒரு தம்பி விளையாட்டாக அனுப்பியது என்றேன். அவவின் சிரிப்புப் போய்விட்டது. அப்படியென்றால் இது ஏன் இந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று கேட்டா.

"என்ர கல்யாணம் பொய் இல்லை. அவரும் நல்ல மனுசன். எனக்குத்தான் போக விருப்பம் இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல், பிடிபடட்டும் எண்டு இந்த அட்டையை வீட்டில விட்டனான்" என்றேன்.

மொழிபெயர்க்கிற ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். மெல்லமாக, தமிழில், "தங்கச்சி, இதை அப்பிடியே சொல்லவோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னார். என்னுடைய வேண்டாம் இன்னொரு பாஷையில் போவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டா. சிரிக்கவில்லை, சாதகம் எடுக்கவும் போகவில்லை. தம்பி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் ஓட்டோ பம்பலப்பிட்டிச் சந்தி தாண்டும் வரைக்கும் இருந்தது.

ஓட்டோவில் கூட வந்த மாமி, நடந்ததைச் சொன்னபோது, என்னை ஏசவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. பிறகு கேட்டா.

"பெடியன் வேதக்காரனோ?"

"எந்தப் பெடியன், மாமி?"

"நடிக்காதை. கொட்டாஞ்சேனையில இருக்கிறவன்."

அப்பா போனில் கேட்டது "ஆர் அவன்?" அம்மா அழுதுகொண்டு கேட்டதும் அதுதான். அவரும் எடுத்தார். மாமி இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது அதுதான் முதல்தரம். "நான் எழுதினது எண்டு சொல்லியிருக்கக் கூடாது. உமக்கு ஆர் கவிதை எழுதுகினம் எண்டு கேட்க வெக்கமா இருந்தது" என்றார். எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், "அவர் நல்லவரோ?" என்று கேட்டார்.

இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்வது? இல்லாத ஒருவனை எல்லாரும் ஒரு நொடியில் நம்பிவிட்டார்கள். இருக்கிற என்னை நம்ப ஒருவருக்கும் முடியவில்லை. நான் வேண்டாம் என்றேன் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு பெடியன் கெடுத்துவிட்டான் என்றுதான் சொல்லப்போகிறார்கள். அந்தப் பெடியனை முதலில் கூப்பிட்டது நான்தான், மறுக்கவில்லை.

நாளைக் காலை ரயிலில் யாழ்ப்பாணம் போகிறேன். ஆய்வுகூடத்தில் என் மேசை இன்னும் வெறுமையாக இருக்கிறதாம். வீட்டில் எப்படி இருக்கும் என்று தெரியாது. உம்முடைய விலாசத்தை ஒருவருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அம்மாவுக்குச் சொல்லும், கதவை ஒருவரும் தட்ட மாட்டார்கள். வாய் இருக்குத்தானே என்று அவ கேட்டதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்றும் சொல்லும்.

இதற்குப் பதில் எழுத உமக்குக் கை துடிக்கும் என்று தெரியும். எழுதாதேயும். உறையிலும் வேண்டாம், டில்ஷானியின் பெயரிலும் வேண்டாம். உம்மிடமிருந்து இனி ஒரு வரி வந்தாலும் அவர்கள் சொல்வது உண்மையாகிவிடும். நேர்முகத்தில் சொன்ன வேண்டாம் ஒன்றுதான் நானாகச் சொன்னது. அதையும் உமக்காகச் சொன்னதாக ஆக்க எனக்கு விருப்பம் இல்லை. கோபிக்காதேயும்.

அடுத்த ஓகஸ்டுக்கு நான் பெயர் பதிந்துவிட்டேன், யாழ்ப்பாண விலாசத்தில். பட்டியல் வரும்போது உம்முடையதில் என் பெயரும் இருக்கலாம். கண்டால், தாண்டி அடுத்த பெயருக்குப் போம்.

அருந்ததி